கேன்டீன் பக்கத்து பீமுக்கு நான்கு பெயர்கள்

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அதைத் தேடிப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாட்ட வேண்டிய பாதுகாப்புப் பலகைகளைத் தமிழில் எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வார வேலை. எனக்கென்று மேசை கிடையாது. ஆவணப் பிரிவில் ஆரிபாவின் மேசையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கதை அந்த மேசையின் இன்னொரு பாதியில் நடந்தது.

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

'காலை ஒன்பது நாற்பதுக்கு மரணம் ஒரு மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது.' (அடித்தாயிற்று. ஆரிபா படித்தால் சிரிப்பார்.)

'தகவல் என்பது நவீன உலகின்' (இந்த வாக்கியத்தை முடிக்கும் தைரியம் எனக்கில்லை.)

'ஆரிபாவுக்கு முப்பத்தாறு வயது. சிவில் டிப்ளமோ படித்தவர். பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கிற குடும்பம். தினமும் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில்.' இது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(முந்தைய வரைவில் ஆரிபாவுக்கு 'அவள்' என்றும், அவருடைய மேலாளருக்கு 'அவர்' என்றும் கை தானாக எழுதியிருந்தது. பார்த்துத் திருத்தினேன்.)

2

ஆவணப் பிரிவு என்றால் வரைபடங்கள் வந்து போகும் இடம். எந்தத் தாள் புதியது, எது பழையது, யாருக்குப் போனது என்று பார்த்துக்கொள்வது ஆரிபாவின் வேலை. அதைச் செய்யும்போது அவருக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

கூடத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு இரும்பு பீம். மேலே ஓடும் கிரேனின் தண்டவாளத்தைத் தாங்குவது அதுதான். வடிவமைப்பாளரின் படத்தில் அதன் பெயர் சி.ஜி.-4. திருவள்ளூர் பக்கம் அதை வெட்டி வெல்டிங் செய்த பட்டறையில் பி-31. வேலை அட்டவணையில் 'கிழக்கு, பகுதி இரண்டு'. ஸ்டோரில் போல்ட் வாங்கிப் போகிறவர்கள் சீட்டில் எழுதுவது 'கேன்டீன் பக்கத்து பீம்'.

பீம் ஒன்றுதான். பெயர் நான்கு. ஒவ்வொருவருடைய கணினியிலும் அது ஒவ்வொரு ஆள்.

'லிங்க்டு டேட்டா' என்ற முறையை ஆரிபா இணையத்தில் ஒரு வகுப்பில் கற்றார். எனக்கு விளங்கும்படி அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஒரு முகவரி கொடு. பிறகு அந்த முகவரிகளை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுது. 'பி-31 என்பதும் சி.ஜி.-4 என்பதும் ஒன்று.' 'இந்தச் சீட்டு இந்த பீமுக்கு உரியது.' 'இந்தப் பெட்டி இந்தச் சான்றிதழுக்கு உரியது.' ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று துண்டுகள். ஒரு பொருள், இன்னொரு பொருள், இரண்டுக்கும் நடுவே ஒரு உறவு. அவ்வளவு எழுதிவிட்டால் கணினி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே நடந்து போகும்.*

* எழுத்துத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிற நான் இங்கே கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். பதினான்கு மாதங்களில் ஆரிபா எழுதியவை நாற்பதாயிரம் வாக்கியங்கள். அவற்றில் ஒரு உரிச்சொல்கூட இல்லை.

3

யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. தன் வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் செய்தார். திட்ட மேலாளர் பாக்கியநாதன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த பேஜாரு புடிச்ச வேல நமக்கு எதுக்கும்மா? படத்த அனுப்புனோமா, ஊட்டுக்குப் போனோமான்னு இல்லாம" என்றார்.

பட்டறைக்காரர் வசந்தகுமாரைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆரிபா நேரிலேயே போனார்.

"என் லிஸ்ட்ட உங்களாண்ட குடுத்துட்டு நான் இன்னா பண்றது மேடம்? நாளைக்கி வேற பட்டறைக்காரன் கையில அது இருக்கும்."

"லிஸ்ட்டு எனக்கு வாணாம்ணா. அது உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும். உங்க பி-31தான் எங்க சி.ஜி.-4ன்னு அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் நீங்க ஒத்துக்கினா போதும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா நூத்தி எண்பது பீமுக்கும் ஒத்துக்கணும்."

வசந்தகுமார் சிரித்துவிட்டார். அன்று மதியம் வரை இருவரும் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பொருத்தினார்கள். பழைய குறிப்பேட்டில் இரண்டு பீம்களுக்கு ஒரே எண் போட்டிருந்த தவறு அப்போதுதான் வசந்தகுமாருக்கே தெரியவந்தது.

4

இப்போது அந்த நாள்.

கிரேன் சோதனை பதினொரு மணிக்கு. இருபது டன் தூக்கும் கிரேனில் இருபத்தைந்து டன் எடையைத் தொங்கவிட்டு, கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிப் பார்ப்பார்கள். எடையைக் கட்டிவிட நான்கு பேர் வந்திருந்தார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு போல்ட் தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு குறிப்பிட்ட லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான போல்ட்டுகளில், பதப்படுத்தும்போது பிழை நேர்ந்திருக்கலாம். இறுக்கிச் சில வாரங்களில் உள்ளுக்குள்ளே விரிசல் விடக்கூடும். பயன்படுத்த வேண்டாம்.

பாக்கியநாதன் ஸ்டோருக்கு போன் செய்தார். ஸ்டோர்காரர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "அந்த லாட்டு நம்மளுக்கு வர்ல சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பதிவேட்டில் இருந்தது சென்னை வியாபாரியின் பில் எண். லாட் எண் அதில் இல்லை.

"அப்ப ஒண்ணும் பிரச்சன இல்ல" என்று பாக்கியநாதன் தலைக்கவசத்தை எடுத்தார்.

"சார், ஒரு நிமிசம்" என்றார் ஆரிபா.

கணினியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்த லாட் எங்கே இருக்கிறது? லாட்டிலிருந்து தரச் சான்றிதழ், சான்றிதழிலிருந்து வியாபாரியின் பில், பில்லிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து ஸ்டோர் சீட்டு, சீட்டிலிருந்து 'கேன்டீன் பக்கத்து பீம்', அங்கிருந்து பி-31, அங்கிருந்து சி.ஜி.-4. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரையில் மூன்று வரிகள் வந்துவிட்டன.

"மூணு பீம் சார். தொண்ணூத்தாறு போல்ட்டு. மூணுமே கிரேன் போற வழி."

"ஸ்டோர்ல இல்லன்றான். உன் கம்ப்யூட்டர் இருக்குதுன்னுது. நான் யார நம்புறது?"

"என்ன நம்ப வாணாம் சார். ஒரு போல்ட்ட கழட்டிப் பாருங்க."

(இந்த வரியை எழுதியபோது ஆரிபாவின் குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தேன். மேசையை ஓங்கித் தட்டினார் என்றும் எழுதினேன். அவர் தட்டவில்லை. கையை மடியில் வைத்திருந்தார். கணக்கு தப்பாக இருந்தால் பதினான்கு மாத உழைப்பும் அன்றோடு கேலிப்பொருள். வேலையும் போகலாம்.)

5

பாக்கியநாதனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். கதைக்கு அது வசதி. சோதனையை நடத்தியே தீருவேன் என்று அவர் கத்த, ஆரிபா குறுக்கே ஓடி… இந்தப் பத்தியை முழுசாகக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. பாக்கியநாதன் திரையில் இருந்த மூன்று வரிகளையும் படித்தார். மேலதிகாரிகள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். சோதனை தள்ளிப்போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் வாக்கி டாக்கியை எடுத்து, "கிரேன் கிட்ட ஒருத்தரும் நிக்கக் கூடாது. எல்லாரும் வெளிய வாங்க" என்றார். பிறகு ஒரு ஃபிட்டரை அழைத்துக்கொண்டு, ஆட்களை மேலே ஏற்றும் தூக்கி வண்டியில் அவரே போனார்.

முதல் பீமில் நான்கு போல்ட்டைக் கழற்றினார்கள். நன்றாக இருந்தன. கீழே ஆரிபா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது, கேன்டீன் பக்கத்து பீம். மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்து ஃபிட்டர் லேசாகத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை மட்டும் தனியாக அவர் கையோடு வந்தது. அந்த பீமில் மட்டும் அப்படி ஏழு.

பாக்கியநாதன் இறங்கி வந்தார். ஒடிந்த தலை ஒன்றை ஆரிபாவின் மேசையில் வைத்தார். பாராட்டாக ஏதாவது சொல்வார் என்று நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"நாஷ்டா ஆச்சாம்மா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"வா. மொதல்ல சாப்புடு."

6

நடக்காத விபத்தை எழுதுவது கடினம். ரத்தம் இல்லை, அழுகை இல்லை. எடை கட்ட வந்த நால்வரில் ஒருவரான அப்பாவுவை ஒரு வாரம் கழித்துப் பார்த்து, அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்கா? டெஸ்ட்டு கேன்சலு. சீக்கிரமே உட்டுட்டாங்க. குடும்பத்தோட பெரியபாளையம் போய்க்கினு வந்தேன். நல்ல தரிசனம்."

ஏன் கேன்சல் என்று அவருக்குத் தெரியாது. கோயிலில் கூட்டமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

7

முடிவுகள்.

அ) தொண்ணூற்றாறு போல்ட்டையும் மாற்றி, பன்னிரண்டு நாள் கழித்துச் சோதனை நடந்தது. கிரேன் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். (நடந்ததுதான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.)

ஆ) ஆரிபாவுக்கு விருது. (நடக்கவில்லை. அடுத்த கட்டுமானத்துக்கும் இதே முறை வேண்டும் என்று பாக்கியநாதன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. வசந்தகுமார் மட்டும் யாரையும் கேட்காமல் தன் பட்டறையின் புதிய பீம்களுக்கு முகவரி போட ஆரம்பித்துவிட்டார்.)

இ) இதை எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்ல ஆரிபாவின் மேசைக்குப் போனேன். அவர் சென்னை வியாபாரியிடம் கேட்டு வாங்கிய ஒரு பட்டியலை முன்னால் வைத்திருந்தார். அந்த லாட்டில் மொத்தம் மூவாயிரம் போல்ட்டுகள். நமக்கு வந்தவை நூறு. மீதி, வேறு ஒன்பது கட்டடங்களுக்குப் போயிருக்கின்றன. தயாரிப்பாளர் அவர்களுக்கும் கடிதம் அனுப்பியிருப்பார். அங்கேயும் ஒரு ஸ்டோர்காரர் பதிவேட்டைப் பார்த்து, வரவில்லை என்று சொல்லியிருப்பார், மனமறிந்து பொய் சொல்லாமல்.

ஐந்து இடங்களில் பேசியாயிற்று. இரண்டில் சரி பார்க்கிறோம் என்றார்கள். ஒன்றில் போனை வைத்துவிட்டார்கள். இரண்டில், கட்டியவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எந்தப் பதிவும் இல்லை என்றார்கள்.

"இது உங்க வேல இல்லையே" என்றேன்.

"ஆமா" என்றார். ஆறாவது எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

இதற்கு நான் முடிவு எழுத முடியாது. இன்னும் பேசாத அந்த நான்கு கட்டடங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். சொன்னார். நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பது ஒரு கூரையின் கீழேதான் என்றால், எழுந்து போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வந்து மீதியை நீங்களே எழுதுங்கள்.

மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார். நான் ஆரிபா பேசறேன், கும்முடிப்பூண்டிலேர்ந்து. இல்ல சார், எதுவும் விக்கறதுக்கு இல்ல. உங்க பில்டிங்குல இருக்கற ஒரு போல்ட்ட பத்திக் கேக்கணும். ஒரு ரெண்டு நிமிசம் லைன்ல இருக்கறீங்களா?"