ஒன்பது அங்குலம்

கண்ட்ராக்டர் சுகுமாறன் மூன்றாவது முறையாகக் கணக்கைத் திருத்திக்கொண்டு வந்தார். எங்களிடம் இருந்தது பதினேழாயிரம் வெள்ளி. கார் நிறுத்தும் போர்ச்சை ஒன்பது அங்குலம் உயர்த்தி டைல்ஸ் போடப் பன்னிரண்டாயிரம். மிச்சம் ஐயாயிரத்தில் என் தோட்டம். கார்ப்பெட் புல், நடைக்கல், ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில் நான் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பெரிய ஜாடிகள். பத்து வருஷ ஆசை.

"போர்ச்ச ஒசத்துனா தண்ணி கீழ் வீட்டுக்குள்ள போயிரும், அக்கா. முன்னால லோங்காங் வெட்டணும். அதுக்குத் தனியா ஐயாயிரம்."

அதாவது, தோட்டம் அல்லது கால்வாய். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

கூலாயில் எங்கள் வீட்டு வரிசை சரிவில் இருக்கிறது. போன வருஷம் மேல் வீட்டு மதிவாணன் தன் போர்ச்சை உயர்த்தினார். அடுத்த மழையிலேயே தண்ணீர் எங்கள் ஹாலுக்குள் புகுந்து சோபாவை நாசம் செய்தது. அவர் கேட் முன்னால் நின்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அந்தத் தண்ணீரைத் தடுக்கத்தான் இந்த ஒன்பது அங்குலம். இப்போது அதையே நாங்கள் கீழ் வீட்டு ராசம்மா அக்காவுக்குச் செய்யப் போகிறோம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார்.

"அவங்க வீட்டுக்காக நம்ம காசுல ஏன் லோங்காங் கட்டணும்?" என்றார் என் கணவர் குணாளன். எனக்கும் அந்தப் புல் வேண்டும். அதுதான் எரிச்சல்.

சொல்லிவிட்டாவது செய்வோம் என்று ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். போர்ச் என்று ஆரம்பித்ததுமே தலையாட்டினார்.

"தெரியும்மா. அன்னிக்கு அளந்தாங்களே, பாத்தேன்."

உள்ளே ஃப்ரிட்ஜ் நான்கு செங்கல் மேல் நின்றது. அரிசி டின், துணி மூட்டை, தையல் மெஷின் எல்லாம் கட்டில் மேல் ஏறியிருந்தன.

"அலமாரிய மட்டும் தூக்க முடியல லா. குணா வந்தா ஒரு கை புடிக்கச் சொல்றியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சண்டை போடுங்கக்கா! எங்க வீட்டு முன்னால வந்து கத்துங்க! மதிவாணன் வீட்டுல நான் கத்தல?"

"நீ கத்துனே. அவரு இடிச்சாரா?"

குணாளனைக் கூப்பிட்டேன். வந்தவர் ஃப்ரிட்ஜுக்குக் கீழே இருந்த செங்கல்லைப் பார்த்தார். அலமாரியில் கை வைத்தார், தூக்கவில்லை. "சுகுமாறனுக்குப் போன் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

போட்டேன். "புல் வேணாம், லோங்காங் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் நன்றி சொல்ல வந்த ராசம்மா அக்காவுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. ஒரு வாரம் பேசவே இல்லை. தோட்டம் போன வயிற்றெரிச்சலை நான் வேறு யாரிடம் காட்டுவது?