உத்தமன் போட்ட பூட்டு

உத்தமனிடம் ஒரு பொருளை ஒப்படைத்தால் அது தொலையாது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் கருவிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஒரு ஸ்பேனர் குறைந்தால் மத்தியானச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷன் ரிட்டையராகி கோவில்பதாகை வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? மனைவி கஸ்தூரியின் அஞ்சறைப்பெட்டியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கயாவது போயி எதையாவது காவல் காத்துட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

போனார். திருவான்மியூருக்குத் தெற்கே, ஒரு குப்பத்தை ஒட்டி, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஆமை இட்டுப்போன முட்டைகளை எடுத்து வந்து, வேலி போட்ட இடத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். குழியின் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார்கள். பொரித்து மேலே வரும் குஞ்சுகள் கண்டபடி சிதறாமல் கூடைக்குள் நிற்கும். வெயில் ஏறுமுன் யாராவது கூடையைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. ஆனாலும் உத்தமனுக்கு மறுபடி உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் காலை இரண்டு குழிகள் கிளறிக் கிடந்தன. நாய் என்றார்கள் பிள்ளைகள். நாயாம்! உத்தமன் வேலியோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த குப்பத்து எல்லம்மாவிடம் போனார். முட்டை என்ன விலைக்குப் போகிறது என்று எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"வேலிக்குள்ள உன் கை பட்டதப் பாத்தேன், போலீசுல ஒப்படைச்சிடுவேன்."

எல்லம்மா காய்ந்ததும் காயாததுமாகக் கருவாட்டைத் தன் கூடையில் வாரினாள். கூடையைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமே மண்ணூர்பேட்டைப் பட்டறையில் வெல்டிங் வைத்த, அடியில்லாத இரும்பு வலைப் பெட்டிகள் வந்திறங்கின. கூடைகளுக்குப் பதில், குழிக்கு ஒன்றாக, முழங்கை ஆழத்துக்கு மணலில் புதைத்தார். மேலே மூடி. மூடிக்குப் பூட்டு.

"பூட்டு எதுக்கு சார்? நாம இல்லாதப்ப யாராவது தெறந்து விடணுமே" என்றான் ஒரு பையன்.

"யார் வேணா தெறக்கலாம்னா அதுக்குப் பேரு பாதுகாப்பா?"

சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது.

மே மாதம் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போனார்கள். மிச்சமிருந்தது வேலியோரம் ஒரே குழி. உத்தமன் அங்கேயே காவலுக்குப் போட்டிருந்த குடிசையில் படுத்துக்கொண்டார். பொரிக்க இன்னும் இரண்டு நாளாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, ஒரு வேளை குளித்துச் சாப்பிட்டு வரலாமென்று ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரிதான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது.

விடிந்ததும் பஸ் இல்லை, ரயில் இல்லை. உத்தமன் சைக்கிளை எடுத்தார். கஸ்தூரி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாடே கலங்கிக் கெடக்குது, ஆமையா பெரிசு?"

"நான் பூட்டிட்டு வந்திருக்கேன் கஸ்தூரி" என்றார். கையை விலக்கிவிட்டு ஏறி மிதித்தார்.

அம்பத்தூரில் டயர் எரிந்துகொண்டிருந்தது. பாடியில் கட்டையும் கையுமாக ஒரு கும்பல் மறித்தது.

"எங்கய்யா போற?"

ஆமைக்கு என்று சொன்னால் மண்டை பிளந்திருக்கும். "சாவுக்குப்பா" என்றார். விட்டுவிட்டார்கள். பாதி வழியில் பங்க்சர். கடை ஒன்றுமில்லை. மிச்ச தூரம் தள்ளிக்கொண்டே ஓடினார். அந்த வயதில், அந்த வெயிலில் ஓடினார்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. வேலிக்கு வெளியே எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் குடம்.

பெட்டிக்குள் குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கடல் இருக்கிற பக்கம். வலைக்கண்ணில் தலையை நுழைத்தபடியே சில செத்திருந்தன.

"விடியறதுக்குள்ள மேல வந்துச்சி சார்" என்றாள் எல்லம்மா. "வேலிக்கு இந்தாண்ட நின்னுகினு தண்ணி ஊத்துனேன். மொண்டு மொண்டு ஊத்துனேன். மணலு கொதிக்குது, எம்மா நேரம் தாங்கும்?"

"ஒரு கல்ல எடுத்துப் பூட்ட ஒடச்சிருக்கலாமேம்மா!"

"நீதான சொன்ன, கை பட்டா போலீசுன்னு. இன்னிக்கி ரோடு பூரா போலீசு கீது."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் உத்தமன் தாங்கியிருப்பார்.

வாராவாரம் எண்ணெய் போட்ட பூட்டு. சாவி சுலபமாகத் திரும்பியது. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றாவது அசையாதா என்று கடைசிவரை பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்து, ஒரு பொம்பளை பார்க்கிறாளே என்ற வெட்கமில்லாமல் அழுதார்.

எல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். அவர் எழுந்து போய் சாவியை நீட்டினார்.

"அடுத்த வருஷத்துக்கு இத நீயே வச்சிக்கம்மா."

அவள் சாவியைப் பார்த்தாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எனுக்கு வோணா சார். நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா, என்னத்தான் கேப்ப."