யார் கையில் கரி

பதினோரு வருஷமாக என்ஜின் சாமான்களைக் கழுவிவரும் மெக்கானிக்கின் மனைவி கையில் ஒரு நாள்கூடக் கரி ஒட்டியதில்லை. மண்ணெண்ணெய்த் தட்டில் வால்வுகளை ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள். தட்டு கறுக்கும், தரை கறுக்கும், பக்கத்தில் நிற்பவன் சட்டைகூடக் கறுக்கும். அவள் கை மட்டும் அப்போதுதான் சோப்புப் போட்டதுபோல் இருக்கும். அந்தக் கரி எங்கே போகிறது என்பது இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. வண்டியைப் பற்றி எதையாவது மறைத்தவர் யாரோ, மறுநாள் காலை அவர் கையில் ஏறியிருக்கும். மீட்டரைத் திருப்பிவைத்துக் கார் விற்ற கம்பவுண்டர் ஒரு வருஷம் கையுறையைக் கழற்றாமல் ஊசி போட்டார். சுத்தமான மனுஷன் என்று நோயாளிகள் மெச்சிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கையைப் பார்த்துத்தான் பேசினார்கள். குளிருக்காகப் பாக்கெட்டில் கைவிட்டவனையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் வேன் வந்து சேர்ந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு இதே ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி கசிவைத் தடுக்க அடியில் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றிய வேன். இப்போது என்ஜின் கொதித்து ஹெட்டே விரிசல் விட்டிருந்தது, புதுசுதான் போடவேண்டும். ஓட்டியவன் அவளுடைய தம்பி. சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டதுமே ஓரங்கட்டிவிட்டேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தான். வேன் முதலாளி நம்பவில்லை. கல்யாணமாகி நாலு மாதமான பையன், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஆவி பறக்கப் பறக்க ஓட்டியிருப்பான் என்பது அவர் கட்சி.

“நீ கழுவும்மா. நாளைக்குக் காலைல இவன் கையைப் பார்க்கிறேன். கறுத்திருந்தா நான் வேற டிரைவர் பார்த்துக்கறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தம்பியின் மனைவி அன்று முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கத் தம்பிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அவள் போல்ட்டுகளைக் கழுவி, எது எந்த இடத்துப் போல்ட் என்று மாறிவிடாமல் அட்டையில் வரிசையாகக் குத்திவைத்தாள். பிறகு என்ஜினின் மேல்முகத்துக்கு வந்தாள். பழைய கேஸ்கெட் பிசிறைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாமலிருக்க, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டைகளில் துணி அடைப்பது அவள் வழக்கம். கடைசி ஓட்டையில் துணி உள்ளே போகவில்லை. வளைந்த கம்பியை விட்டு இழுத்தால், அங்கே ஏற்கெனவே ஒரு துணி இருந்தது. பிழிந்தபோது நீலக் கோடு தெரிந்தது. அவள் புருஷனின் பழைய சட்டை. எட்டு மாதத்துக்கு முன்பு அவளே அடைத்து, எடுக்க மறந்தது. இதுதான் தண்ணீரை மறித்து என்ஜினைக் கொதிக்கவைத்திருக்கிறது.

“என்ன அது?” என்றான் மெக்கானிக்.

“ஒண்ணுமில்ல, கேஸ்கெட் துண்டு” என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே தெரிந்தால் இனி எவன் இங்கே வண்டி விடுவான்? தம்பி மேல்தான் தப்பில்லையே, அவன் கை எப்படிக் கறுக்கும், அவன் வேலை தப்பித்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கரி தன்னிடம் வராது என்று ஏனோ நம்பினாள்.

காலையில் தம்பியின் கை பளிச்சென்று இருந்தது. முதலாளி அதை மோந்துகூடப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். இரண்டு கையும் முழங்கைவரை அட்டக்கறுப்பு.

“என்னம்மா இது?”

“கழுவுனா ஒட்டத்தானே செய்யும்?”

“அதுவும் சரிதான்” என்றவர் சற்று யோசித்தார். “அப்போ கரி முன்ன மாதிரி ஆள் பார்த்துப் போறதில்ல. இவன் கை வெள்ளையா இருக்கறதுக்கு அர்த்தமே இல்லையே. அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கப் பாக்குறீங்களா? நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

தம்பி விரித்த கையை மடக்கத் தோன்றாமல் நின்றான். அதைப் பார்க்க அவளுக்குத் தாளவில்லை. துணியை எடுத்து பானெட்மேல் போட்டாள்.

“நான்தான் அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன். இவன் மேல எந்தத் தப்பும் இல்ல.”

“இதை எப்போ பார்த்தே?” என்றான் தம்பி.

“நேத்தே.”

ஹெட் பூட்டி முடிந்ததும் சாவி அவன் கைக்கே வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வருவது பாதியாகக் குறைந்தது. கரி சோப்புக்கும் மணலுக்கும் போகவில்லை. எந்த வண்டியைப் பற்றி மறைத்தாரோ அந்த வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால்தான் போகும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்று மாதம் தம்பி அக்கா வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் மற்ற டிரைவர்கள் ஆளை விடுங்கள் என்று ஓடும் தூரத்துச் சவாரிகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டான். அதிலும் முதலாளிக்குச் சந்தேகம். லீவு நாளில்கூட வண்டி கேட்கிறான், எங்கேயோ சின்னவீடு வைத்திருக்கிறான் என்று ஒருநாள் பின்னாலேயே போனார். அவன் எங்கும் நிற்காமல் நேராகப் போய், வெறும் வண்டியோடு திரும்பிவந்தான்.

ஒரு மதியம் வேன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை.

“ஆறாயிரம் ஆயிடுச்சுக்கா. கையைக் காட்டு.”

காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெளுத்திருந்தது. அவன் மீட்டரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு கியரைப் போட்டான்.