பதினான்காவது மனை

மனைவி இறந்த பிறகு ஜெயகிருஷ்ணனுக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. முதலீட்டுக்கு மனை தேடுவதாக மகனிடம் சொல்லிவிட்டு, தினமும் செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் விளம்பரங்களைப் படித்தார். ஞாயிறுதோறும் ஒரு மனையைப் போய்ப் பார்த்தார். வாங்கும் எண்ணமே இல்லை. பொழுது போனால் போதும்.

பதினான்காவது மனை புதுப்பட்டினத்தில். அவர் வருகிறார் என்றதும் சொந்தக்காரர் தனகோடி முள்ளை வெட்டி, எல்லைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். கையெல்லாம் முள் கீறல்.

"வா சார். ரெண்டு மாசத்துல நீதான் மொத ஆளு. பொண்ண காலேஜுல சேக்க இத்த வுட்டா வேற வழி இல்ல."

ஜெயகிருஷ்ணனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

"நான் வாங்க வரலைங்க. சும்மா பார்த்துட்டுப் போறவன். மன்னிச்சிடுங்க."

தனகோடி வெள்ளைக் கற்களையே சற்று நேரம் பார்த்தார். "அதுக்கு இன்னா சார்? அவ்ளோ தூரம் பஸ்ல வந்துகீற. இளநி குடி" என்று சீவிக் கொடுத்தார். மனிதருக்குள் கடவுள் வைத்த ஈரம் அத்தனை சுலபத்தில் வற்றுவதில்லை.

இளநீர் இனித்ததா என்றுகூட ஜெயகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான விளம்பரங்களைப் படித்தவருக்கு இன்னொன்று தெரிந்தது.

"உங்க விளம்பரத்துல 'நல்ல மனை'ன்னு மட்டும்தான் இருக்கு. பட்டா இருக்கு, ரோடு இத்தனை அடின்னு போட்டாத்தான் கூப்பிடுவாங்க. நானே மாத்தி எழுதிப் போடறேன். ரோட்டை அளக்க டேப் இருக்கா?"

"மேஸ்திரி வூட்ல கீது. இரு சார்."

டேப்பின் ஒரு முனையை ஜெயகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு தனகோடி சாலையைக் கடந்தார்.

"இருபத்து மூணு அடி!" என்று அங்கிருந்து கத்தினார்.

ஜெயகிருஷ்ணன் எழுதிக்கொண்டார்.