ஒன்பதாவது சக்கரம்

துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையோடு பனியில் மண்டியிட்டு, யோருன் கடைசிச் சக்கரத்திலும் காற்று பார்த்தாள்.

“நாலும் சரியாத்தாம்மா இருக்கு.”

“உங்கப்பாவும் மூணு குளிர்காலமா இதையேதான் சொன்னார்,” என்றாள் போர்கில்ட். “வெளக்கு கேட்டுச்சா?”

காருக்குள் டயர் காற்று விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ‘இதை அணைக்காம நான் போறதில்ல’ என்று சொல்லிக்கொண்டே இருந்த அப்பா ஒத்வார், போன வாரம் காபி ஆறுவதற்குள் போய்விட்டார்.

“சர்ச்சுல எல்லாரும் காத்திருப்பாங்க. வெளக்கு மேல ஒரு துண்டு டேப் ஒட்டிட்டுப் போயிடலாம்மா.”

“நான் சொன்னப்பவே அந்த மனுஷன் ஒட்டவிடல. தோத்துப்போனவரா அவரைக் குழியில இறக்கமாட்டேன். நல்லாப் பாரு.”

எங்கள் பக்கம் ஒரு காருக்கு எட்டுச் சக்கரம். பனிக்கு நாலு, கோடைக்கு நாலு. எட்டையும் ஒத்வார் மாற்றி மாற்றிப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்துவிட்டுக் கைவிரித்தான்.

யோருன் மலர்வளையத்தை டிக்கியில் வைக்கப் போனாள். அடங்கவில்லை. அடித்தட்டைத் தூக்கினாள். கார் வாங்கிய நாளிலிருந்து தரையே தொடாத ஸ்டெப்னி கீழே கிடந்தது. அதில் காற்று அளவியைச் சொருகினாள். முள் அசையவே இல்லை.

“அம்மா, இதுக்குள்ளயும் காத்து பார்க்கிற சென்சார் இருக்குமோ?”

போர்கில்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். “அடக் கடவுளே! ஒன்பதாவது!”

மகள் பம்பை மிதித்தாள். தாய் வால்வு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, “மிதிடி, இன்னும் மிதி,” என்றாள்.

பாலம் தாண்டியும் விளக்கு அசரவில்லை. “பிடிவாதம். உங்கப்பா மாதிரியே.”

சர்ச் மணி கேட்கும் வளைவில், சத்தமில்லாமல் அது அணைந்தது. மகள் வண்டியை ஓரங்கட்டினாள். அந்த இருட்டுப் புள்ளியை இருவரும் பார்த்தார்கள்.

“ஜெயிச்சிட்டே, ஒத்வார்!” போர்கில்ட் டாஷ்போர்டை ஓங்கி அடித்தாள். “ஜெயிச்சிட்டேய்யா!”

சர்ச் முன்னால் சிரித்துக்கொண்டே இறங்கிய போர்கில்டைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் தலை குனிந்தார்கள், பாவம். பாதிரியார் ஓடிவந்து முழங்கையைத் தாங்கினார். “அழுதிடுங்கம்மா, மனசுல அடக்காதீங்க.”

“அப்புறம் அழுறேன், ஃபாதர்.”

குழியருகே, பெட்டிமேல் ரோஜா வைக்கக் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் அந்தக் கறுப்பு வால்வு மூடி. மகளைப் பார்த்தாள். ரோஜாவுக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தாள்.

பெட்டி இறங்கியபோது அது உருளவில்லை.