நெருப்புக் குதிரையும் ஒரு பிடி உப்பும்

குழந்தையின் தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. அதற்குள் பிறந்த தேதியைத் திருத்தக் கிளம்பிவிட்டார்கள். சீ!

மோச்சி என்கிற அரிசிப் பலகாரம் விற்கிற கஜிதானி கடை வீட்டில், மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டப் போயிருந்தேன். இந்த ஊருக்கு முப்பது வருஷமாக நான்தான் மருத்துவச்சி. குழந்தையின் பாட்டி ஃபுசாயே சுட்ட மீனை முழுசாகத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். அவள் சும்மா மீன் வைக்கிறவள் இல்லை.

"ஷிகே அக்கா, சர்டிபிகேட்ல டிசம்பர் முப்பதுன்னு போட்டுடுங்க. எட்டு நாள்தானே? ஆம்பளப் புள்ளையா இருந்தா நான் வாயைத் தொறந்திருப்பேனா?"

டிசம்பர் என்றால் பாம்பு வருஷம், தொல்லையில்லை. ஜனவரி பிறந்ததும் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நெருப்புக் குதிரை வந்துவிட்டது. அந்த வருஷத்துப் பெண் புருஷனைத் தின்றுவிடுவாளாம்.

"அதுலயும் இவ பொறந்தது உச்சிப்பொழுது. குதிரை வருஷம், குதிரை நேரம்! கட்டிக்கிறவன் எலும்புகூட மிஞ்சாது. நீங்க ஆட்டு வருஷம், புண்ணியவதி. உங்களுக்கென்ன!"

அவள் தலைக்கு மேலேயே, புத்தாண்டுக்கு அவள் கையால் எழுதி ஒட்டிய 午 என்ற எழுத்து. குதிரை வருஷத்தின் எழுத்து. கடைக்கு அது மங்களம், பேத்திக்கு மட்டும் சனியன்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் சீன எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அந்த எழுத்து ஆதியில் உலக்கையின் படம் என்பார். அப்புறம் நடுப்பகலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று யாரோ அதில் குதிரையைக் கொண்டுவந்து கட்டினார்கள். சீனாக்காரனும் கொரியாக்காரனும் அதே எழுத்தால்தான் நடுப்பகலைச் சொல்கிறான், எவன் வீட்டிலும் பெண் யாரையும் தின்னவில்லை என்று வகுப்பில் சிரிப்பார். இவ்வளவும் தெரிந்த மனுஷன், போன நெருப்புக் குதிரை வருஷம் டிசம்பரில் நான் பிறந்தபோது என்ன செய்தார்? பதினைந்து நாள் என்னை ஒளித்து வைத்து, ஜனவரி, ஆட்டு வருஷம் என்று பதிந்துவிட்டு வந்தார். தூ!

பதினாறு வயதில் அம்மா என்னிடம் சொன்னாள். இருபதில் கல்யாணம். இருபத்திரண்டில் என் புருஷன் போன படகு கவிழ்ந்தது. அவரோடு இன்னும் ஆறு பேர் செத்தார்கள், அவர்களுடைய பெண்டாட்டிகளெல்லாம் வேறு வேறு வருஷம். ஆனாலும் நான்தான் தின்றேன் என்று கிட்டத்தட்ட நாற்பது வருஷம் நம்பினேன். இத்தனை பிரசவம் பார்த்த கை, அறிவு மட்டும் இல்லை. ஃபுசாயேயைவிட என் மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகம்.

மருமகள் மிட்சுயோ படுக்கையிலிருந்து கை கூப்பி அழுதாள். "அத்தை சொல்றபடியே எழுதிடுங்கம்மா. நாளைக்கு இவளை யாரு கட்டுவா? ஊருக்குத் தெரியாம இருந்தாப் போதும்."

அவள் அழுதது என்னை ஆட்டிவிட்டது. பேனாவைத் திறந்தேன். டிசம்பர் என்று எழுதத்தான் போனேன். மடியில் கிடந்த குழந்தை கொட்டாவி விட்டது, பல்லில்லாத வாய்.

"ஊருக்குத் தெரியாது, சரி. இவளுக்கு ஒருநாள் நீயே சொல்லிடுவியே, மிட்சுயோ? எங்கம்மா சொன்னா. நான் ஆட்டு வருஷம் இல்லடி. நெருப்புக் குதிரை."

ஃபுசாயேயின் கை முதலில் மீன் தட்டைத்தான் பின்னுக்கு இழுத்தது.

"அடிப்பாவி! அந்தக் கையாலயா என் மகனை எடுத்தே?"

"உன் மகனையும் இதே கைதான் எடுத்துச்சு, இப்ப உன் பேத்தியையும். போய் எண்ணிப் பாரு, யாருக்காவது எலும்பு குறையுதான்னு!"

ஜனவரி ஏழு, நடுப்பகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தையை மிட்சுயோவிடம் கொடுத்தேன். அவள் சர்டிபிகேட்டை வெறித்துப் பார்த்தாள். என்னைச் சபிக்கிறாள் என்றே நினைத்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது முதுகில் சரசரவென்று விழுந்தது. உப்பு. சாவு வீட்டுத் தீட்டுக்கு வீசுகிற அதே உப்பு. ஃபுசாயே அடுத்த பிடி அள்ளிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து மிட்சுயோவின் குரல் வந்தது.

"அத்தே, உப்பை வாசல்லயே தீத்துடாதீங்க. இங்கயும் வந்து வீசுங்க. உங்க பேத்தியும் அதே வருஷம்தான்."

ஃபுசாயேயின் கை அந்தரத்தில் நின்றது.