காதுக்காரர் தட்டிய பாத்திரம்

"பாத்திரம் பாடுமா? வெளியில சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ தட்டிப் பாரு."

"உடைஞ்சு போச்சுன்னா?"

"உன் விரல் உடையாம பாத்துக்கோ. ஆயிரத்து இருநூறு டிகிரியில வெந்து வந்தது இது. நீ தட்டியா உடையப் போகுது?"

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, கல்யாணமான மூன்றாம் நாள், சமையலறையில் நின்று நானும் என் கணவரும் பேசியது. தொழிற்சாலையிலிருந்து அவர் எனக்காகக் கொண்டுவந்திருந்த கல்பீங்கான் பாத்திரம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஓவனில் வைக்கிற நீள்சதுரப் பாத்திரம். வெளியே சாம்பல், உள்ளே நீலம், இரண்டு பக்கமும் காதுபோலக் கைப்பிடி. தயங்கித் தயங்கிச் சுண்டினேன். தூரத்துக் கோவில் மணிபோல ஒரு நாதம் எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடங்கியது.

"கேட்டியா? இது நல்லது. உள்ளே ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாக்கூட இப்படிப் பாடாது. மரக்கட்டையைத் தட்டின மாதிரி 'டக்'குன்னு நின்னுடும்."

அந்த 'டக்'கைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் சின்ன மரக்குச்சியால் தட்டிக் கேட்டு, நல்லதை இந்தப் பக்கம், கெட்டதை அந்தப் பக்கம் வைப்பார். அவர் நல்லது என்றால் நல்லது. தொழிற்சாலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காதுக்காரர் என்பார்கள். "அண்ணே, மழையில நனையாதீங்க, காதுல தண்ணி போயிட்டா கம்பெனியை மூடணும்" என்று சூளைக்காரர் கேலி செய்வார். சூளையை மூட்டுவதும், ஆறவிட்டுத் திறப்பதும் அவர் பொறுப்பு. என் கணவருக்கு இருந்த ஒரே நண்பரும் அவர்தான்.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் அங்கேயே பொதி கட்டும் பிரிவில் சேர்ந்தேன். அவர் மேசைக்கு நேர் பின்னால் என் மேசை. அவர் தட்டி அனுப்புவதை நான் தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, மேலே ஒரு குறிப்புச் சீட்டை மடித்துப் போட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். சூடான பாத்திரத்தின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவே துணி வையுங்கள், அடிப்பாகம் கீழே உள்ளதைக் கீறிவிடும். ஒரு நாளைக்கு நூறு முறை மடித்து மடித்து அந்தச் சீட்டு எனக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்ட நான்தான், ஒரு சனிக்கிழமை மாலை, ஓவனிலிருந்து இறக்கிய எங்கள் நீலப் பாத்திரத்தைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். போனில் மகள் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள், கவனம் அங்கே இருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். உடையவில்லை. அடியில் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறல், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

இரவெல்லாம் பயந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை பாத்திரம் கழுவுவது அவர் வேலை. கழுவித் துடைத்ததும் அந்த நீலப் பாத்திரத்தை ஒரு தடவை தட்டிவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். அன்றும் தட்டினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. மரக்கட்டை.

"பாரு, இன்னும் பாடுது" என்று சிரித்தார்.

என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. டிவியை அவர் வைக்கும் சத்தம். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது. மகள் போனில் என்ன கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவது. "அப்பாவுக்கு என்மேல கோபமாம்மா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் "அவர் எப்பவும் அப்படித்தானே" என்று சமாளித்திருக்கிறேன்.

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நாளாகத் தட்டும்போது இடது உள்ளங்கையைப் பாத்திரத்தின் அடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அதிர்வைக் கையால் கேட்டுவிடலாம் என்று நம்பினார் போலிருக்கிறது. பெரிய கீறல் கைக்குத் தெரியும். சின்னது தெரியாது.

அவரிடம் நான் சொல்லவில்லை. ஊரே காதுக்காரர் என்று கூப்பிடுகிற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். அவர் அனுப்பிய ஒவ்வொன்றையும், தாளில் சுற்றுவதற்கு முன்னால், விரலை மடக்கி நானும் ஒரு முறை தட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு, ஊமையாக வரும். அவற்றைத் தாளுக்கு அடியில் மறைத்து உடைசல் தொட்டியில் போட்டுவிடுவேன். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் நான் தட்டுவது அவருக்குக் கேட்காது என்பதுதான் என் பாதுகாப்பு. வீட்டில் நீலப் பாத்திரம் வெங்காயம் போடும் பாத்திரமானது. "ஏன் இதுல எதுவும் செய்யறதில்ல?" என்றார் ஒரு நாள். "கனமா இருக்குங்க, கை வலிக்குது" என்றேன்.

இப்படி இரண்டு வருடம். அவர் முதுகைப் பார்த்து மெல்லிய குரலில் பேசவும் பழகிக்கொண்டேன். "போதுங்க, அந்த மேசையை விட்டு எழுந்துடுங்க" என்று அவர் வீட்டில் பாத்திரம் கழுவும்போது எத்தனை முறை சொல்லியிருப்பேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லிவிட்ட நிம்மதி எனக்கு, கேட்காத நிம்மதி அவருக்கு.

போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. என் மேசையில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவள் ஏன் தட்டப் போகிறாள்? நான் திரும்பி வந்தபோது அந்த மூன்று நாள் பெட்டிகளும் லாரி ஏறிப் போயிருந்தன. அதன் பிறகு தொழிற்சாலை வாசலில் போஸ்ட்மேன் வந்தாலே கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை வந்தது. கடிதம் இல்லை, ஓர் அட்டைப்பெட்டி. ஒரு பெண் ஓவனிலிருந்து தூக்கும்போது பாத்திரம் இரண்டாகப் பிளந்து, கொதிக்கிற குழம்பு அவள் மடியில் கொட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சூப்பர்வைசர் துண்டுகளை எங்கள் எல்லோர் முன்னாலும் பரப்பினார். உடைந்த விளிம்பு புது வெள்ளையாக இருந்தது, ஓரிடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பு. பழைய கீறல். எண்ணெய் இறங்கி ஊறியிருந்தது.

"இங்கேருந்து போகும்போதே இருந்திருக்கு, இல்லன்னா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாள்ல கீறல் விட்டிருக்கு" என்றார் சூப்பர்வைசர். "காதுக்காரர் தட்டினது, அதுல தப்பு வராது. சூளையை ஆறவிடாம அவசரமா திறந்தா இப்படித்தான், கீறல் பத்து நாள் கழிச்சுக்கூட வரும்."

எல்லோரும் சூளைக்காரரைப் பார்த்தார்கள்.

"நான் ஒரு மணி நேரம்கூட முன்னாடி திறக்கலீங்க" என்றார் அவர். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

என் கணவர் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்கிறார் என்று புரிந்ததா, புரியவில்லையா என்பது எனக்கே தெரியவில்லை. மெதுவாகத் தலை குனிந்துகொண்டார். சூளைக்காரரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் மட்டும் "வரேங்க்கா" என்றார். நானும் குனிந்து குறிப்புச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வீட்டில் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று ஞாயிறு. காலையில் அவர் வழக்கம்போலப் பாத்திரங்களைக் கழுவினார். வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டு நீலப் பாத்திரத்தையும் கழுவித் துடைத்தார். தட்டினார். டக். உள்ளங்கையை அடியில் வைத்து இன்னொரு முறை தட்டினார். டக்.

"இது ஒண்ணாவது பாடுது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. சிரிக்கவில்லை.

நான் அவர் முதுகைப் பார்த்து என் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். சூளைக்காரரின் சாப்பாட்டுப் பை கண்முன் வந்தது. மேற்கொண்டு முணுமுணுக்க முடியவில்லை. போய் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். பாத்திரத்தைக் கவிழ்த்து, அவர் கட்டைவிரலை எடுத்து அந்தக் கீறலின் மேல் வைத்து இழுத்தேன். நகம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது.

அவர் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்போ?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு மாசமா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவர் முகத்துக்கு ஒரு நிமிடத்தில் பத்து வயது ஏறியது. ஸ்டூலில் உட்கார்ந்தார். பாத்திரம் மடியில் இருந்தது. "அப்போ இத்தனை ஞாயித்துக்கிழமையும்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "கம்பெனியிலயும் நீ தட்டிப் பாத்துதான் அனுப்பினியா?" என்றார். ஆமாம் என்றேன். "காய்ச்சல் வந்த மூணு நாள் மட்டும் தட்டல..." அதற்கும் ஆமாம் என்றேன்.

என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. திறந்திருக்கட்டும் என்று, அவருக்குக் கேட்கும் அளவுக்கு, அந்தத் தெருவுக்கே கேட்கும் அளவுக்குக் கத்திச் சொன்னேன்.

"அந்த மேசையை விட்டு எழுந்துடுங்க! நாளைக்கு என்கூட வாங்க, எனக்குக் காது கேக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க!"